மேசன் என்று பெயர் வைக்கலாமா

1

எங்கள் ஊர்ச் சங்கத்து மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள். பனியைப் பற்றி எழுதலாம்தான். ஆனால் எனக்கு முன்னே வந்தவர்கள் எல்லாரும் அதை எழுதி முடித்துவிட்டார்கள். வாசித்து வாசித்து உங்களுக்கே தடிமன் பிடித்திருக்கும். நான் பெயர்களைப் பற்றி எழுதுகிறேன். நான் படித்தது நாலாம் வகுப்பு. எழுத்தில் பிழை இருந்தால் திருத்திவிடுங்கள், கதையைத் திருத்த வேண்டாம்.

இங்கே கனடாவில், மல்வேர்னில் எங்கள் வீட்டு வரிசைக்குப் பின்னால்தான் பள்ளிக்கூடம். பின்னேரம் மணியடிக்கும்போது பேத்தி அபியைக் கூட்டிவர நான்தான் போவேன். வாசலில் வெள்ளைத் தாய்மார் கோப்பிக் கப்போடு நின்று தங்கள் பிள்ளைகளைக் கூப்பிடுவார்கள். ஒருத்தி ‘ஹன்ரர்’ என்று கூப்பிட்டாள். மூக்கு ஒழுக ஒரு பெடியன் ஓடிவந்தான். இன்னொருத்தி ‘ரெய்லர்’ என்றாள். இரட்டைப் பின்னலோடு ஒரு பெட்டை வந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொரு ரெய்லர் வந்தது, அது பெடியன். பிறகு ஒரு காட்டர், ஒரு கூப்பர். கடைசியாக ஒருத்தி ‘மேசன்’ என்று கூப்பிட்டதும் நான் திடுக்கிட்டுத் திரும்பினேன். சீமெந்துச் சட்டியோடு யாரோ வரப்போகிறார்கள் என்றுதான் நினைத்தேன். வந்தது ஒரு கையுறையைத் தொலைத்துவிட்டு அழுதுகொண்டு ஒரு பூனைக்குட்டி மாதிரிப் பிள்ளை.

கிழவர்களுக்கு இங்கிலிஷ் படிப்பிக்கும் வகுப்பு ஒன்று இருக்கிறது, தேவாலயத்துக்குக் கீழே பேஸ்மன்றில். சும்மா வீட்டில் இருந்தால் சுகமில்லாமல் போய்விடும் என்று மகன் என்னை அங்கே சேர்த்துவிட்டான். ரீச்சருக்கும் பெயர் ரெய்லர்தான். ‘மிஸ், யூ தையல்?’ என்று கேட்டு, கையால் மெஷின் ஓட்டிக் காட்டினேன். வகுப்பே சிரித்தது. பக்கத்தில் இருந்த கந்தையா அண்ணைதான் எனக்காக ஒழுங்காகக் கேட்டார். அவர் எங்கள் ஊருக்கு அடுத்த ஊர், இப்போது மகளோடு மோர்னிங்சைட்டில் இருக்கிறார்.

ரீச்சர் கோபிக்கவில்லை. பலகையில் எழுதி எழுதிச் சொன்னா. முன்னொரு காலத்தில் அவர்களுடைய ஆட்களுக்கும் ஒற்றைப் பெயர்தானாம். ஒரே பெயரில் பலர் இருந்தபடியால் தொழிலைச் சேர்த்துக் கூப்பிட்டார்களாம். தைக்கிறவன் ரெய்லர், வண்டில் ஓட்டுகிறவன் காட்டர், பீப்பா செய்கிறவன் கூப்பர், கல்லு வைக்கிறவன் மேசன். அந்தச் சொல் பிரெஞ்சுக்காரரிடம் இருந்து வந்ததாம். நாளடைவில் தொழில் போய்விட்டது, பெயர் குடும்பப் பெயராக நின்றுவிட்டது. இப்போது கொஞ்சக் காலமாகத் தாய்மார் அந்தக் குடும்பப் பெயரைத் தூக்கி முன்னால் வைத்துப் பிள்ளைக்குப் பெயராக்குகிறார்களாம். அதுதான் இங்கே இப்போது பாஷன். ஒரு வகுப்பில் மூன்று ரெய்லர் இருக்கும், ஒருவருக்கும் பொத்தான் தைக்கத் தெரியாது.

‘உங்கடை ஊரிலையும் இப்பிடி இருக்கோ?’ என்று அவ கேட்டதாகக் கந்தையா அண்ணை சொன்னார். நானும் அவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். பிறகு அவர் இங்கிலிஷில் என்னவோ சொல்லிச் சமாளித்தார். எங்கள் ஊரில் தொழிற்பெயர் என்றால், அந்த ஆளை எவ்வளவு தூரத்தில் நிற்பாட்ட வேண்டும் என்று சொல்லும் பெயர். அதை எந்த இங்கிலிஷில் சொல்வது?

2

என் வீட்டுக்காரரை உங்களுக்கு நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. ஆனாலும் இளம் பிள்ளைகள் வாசித்தால் விளங்க வேண்டும்.

ஊரில் மூன்று வல்லிபுரம் இருந்தார்கள். தபாற்கந்தோரில் இருந்தவரைப் பெயரே சொல்லாமல் ‘போஸ்மாஸ்ரர் ஐயா’ என்றீர்கள். கடை வைத்திருந்தவரை ‘வல்லிபுரத்தார்’ என்றீர்கள். என் மனுசனை ‘மேசன் வல்லிபுரம்’ என்றீர்கள். தலை நரைத்த பிறகும், ஊன்றுகோல் பிடித்த பிறகும் அதுதான். (அவருடைய பெயரை நான் வாயால் சொன்னதில்லை. எழுதினால் சொன்னதாகாது என்று நானே எனக்கு ஒரு சட்டம் போட்டிருக்கிறேன்.)

உங்களில் பாதிப்பேரின் வீட்டுக்கு அத்திவாரம் போட்டவர் அவர். புது வீட்டுக் குடிபூரல் அன்று வேட்டியும் சால்வையும் கொடுப்பீர்கள். அன்றைக்கு மட்டும் உள்ளே போவார். அடுத்த நாளிலிருந்து அவர் பூசிய சுவரை அவர் படலைக்கு வெளியே நின்றுதான் பார்க்க வேண்டும். கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். அப்படித்தான் ஊர் நடந்தது, நாங்களும் கூப்பிட்ட குரலுக்குத் திரும்பிப் பார்த்தோம்.

எங்களுக்கு ஒரே மகன், யோகன். அவன் கையில் சீமெந்து படக்கூடாது என்பதில் மனுசன் கண்டிப்பு. பள்ளிக்கூடத்தில் அவனுக்கு யோகன் என்ற பெயர் இருக்கவில்லை, ‘மேசன்ரை மோன்’தான். கரும்பலகையைத் துடைக்க எழும்பினால் பின்வாங்கில் இருந்து ‘வடிவாப் பூசடா’ என்பார்களாம். ஒருநாள் மனுசன் சாந்தகப்பையும் மட்டப்பலகையும் கட்டின சைக்கிளில் பள்ளிக்கூட ஒழுங்கையால் வந்தார். சிநேகிதப் பெடியளோடு எதிரே வந்த யோகன் சட்டென்று மதில் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். மனுசன் கண்டும் காணாதது போல் போய்விட்டார். அடுத்த நாளிலிருந்து அவர் அந்த ஒழுங்கையால் போகவில்லை, சுடலைப் பக்கத்தால் சுற்றிப் போனார்.

பிறகு நாட்டு நிலைமை உங்களுக்குத் தெரியும். யோகன் கனடாவுக்கு வந்து சேர்ந்தான். கடைசிப் பெயர் என்ன என்று கேட்டிருக்கிறார்கள். எங்களுக்கு ஏது கடைசிப் பெயர்? தகப்பன் பெயரைச் சொல்லியிருக்கிறான். அன்றிலிருந்து அவன் மிஸ்ரர் வல்லிபுரம். அவனுக்கு இங்கே காகிதம் சரிவராமல் இருந்த காலத்தில்தான் மனுசன் போய்ச் சேர்ந்தார். கொள்ளி வைக்க யோகனால் வரமுடியவில்லை. செத்தவீட்டு வீடியோவை நான் அனுப்பியிருந்தேன். அதை அவன் இன்னும் போட்டுப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு அவனுக்குக் கலியாணம் பொருந்தியது. பெண் சுகந்தி, இங்கே பார்க்டேலில் முதன்முதலாக வந்திறங்கிய எங்கள் ஆட்களில் ஒரு குடும்பம். தாய் லீலாவதி ரீச்சர், ஊரில் படிப்பித்தவ. மாப்பிள்ளையின் தகப்பன் யார் என்று கேட்டிருக்கிறார்கள். அரசாங்க ஓவர்சியர் என்று யோகன் சொல்லியிருக்கிறான். அபி பிறந்த பிறகு என்னைக் கூப்பிட்டபோது, விமானநிலையத்தில் இருந்து வீட்டுக்கு வரும் வழியில் காருக்குள் இதை எனக்குச் சொன்னான். நான் விமானத்தில் ஏறும்போது மேசனின் பெண்சாதி, காரிலிருந்து இறங்கும்போது ஓவர்சியரின் பெண்சாதி. செத்த மனுசனுக்குப் பதவி உயர்வு கிடைத்த கதை வேறெங்காவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

வாயை மூடிக்கொண்டிருந்தேன். கனடாவில் எனக்கு மகன் வீட்டுக் கதவு ஒன்றுதான் திறந்திருந்தது.

இன்னொரு கூத்தையும் சொல்ல வேண்டும். இங்கே எந்தக் கந்தோருக்குப் போனாலும், ஆஸ்பத்திரிக்குப் போனாலும், முதலில் கேட்பது கடைசிப் பெயர். அதாவது மனுசனின் பெயர். நான் தலையைக் குனிந்துகொண்டு அட்டையை நீட்டுவேன். வெள்ளைக்காரப் பெட்டைகள் எனக்குக் காது கேட்காது என்று நினைத்துச் சத்தமாகக் கதைப்பார்கள்.

3

போன மாசியில் சுகந்திக்கு ஆண்பிள்ளை பிறந்தது. காலில் கட்டியிருந்த பட்டியில் பெயர் இல்லை, ‘பேபி போய் வல்லிபுரம்’ என்று மட்டும் இருந்தது. வீட்டுக்கு வந்து கிழமைகள் போயும் பிள்ளைக்குப் பெயர் இல்லை. பிறப்புப் பதியும் பத்திரம் சாப்பாட்டு மேசையில் உப்புப் போத்தலுக்குக் கீழே கிடந்தது.

சாத்திரியார் போனில் சொன்னார், மகம் நட்சத்திரம், ம, மி, மு, மே என்று தொடங்கினால் திறம் என்று. சுகந்திக்கு ஒரு நிபந்தனை இருந்தது. வெள்ளைக்கார ரீச்சர் வாசிக்கும்போது திக்கக் கூடாது. அவளுடைய மேலதிகாரி ‘சுகந்தி’ என்று சொல்வதற்குப் பதிலாக அவளை ‘சூ’ ஆக்கிவிட்டான். பிள்ளைக்கு அந்த நிலை வரக்கூடாது என்று நினைத்தாள். நியாயந்தானே.

அபிதான் பெயரைக் கொண்டுவந்தாள். அவளுடைய சிநேகிதியின் தம்பிக்கு அந்தப் பெயர், கையுறையைத் தொலைத்த அதே பிள்ளை. ‘மேசன் இஸ் ஸோ கியூட், அம்மா. எல்லாருக்கும் அந்த நேம் பிடிக்கும்’ என்றாள். மே என்று தொடங்குகிறது, வாயில் சிக்கவில்லை. சுகந்திக்குப் பிடித்துவிட்டது. பிள்ளை பார்க்க வந்து பெயரைக் கேட்டுப்போன லீலாவதி ரீச்சரும் சும்மா இருக்கவில்லை. நூல்நிலையத்தில் பெயர்ப் புத்தகம் பார்த்துவிட்டு, கல்லில் வேலை செய்கிறவன் என்று கருத்து, வருசா வருசம் இந்தப் பெயர் வைக்கிறவர்கள் கூடிக்கொண்டே வருகிறார்கள் என்று போனில் சொன்னா.

சுகந்தி அதைச் சாப்பாட்டு மேசையில் சொன்னபோது யோகன் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். கை நின்றுவிட்டது.

‘அது வேண்டாம்’ என்றான்.

‘ஏன்?’ என்றாள் சுகந்தி.

‘வேண்டாம் எண்டால் வேண்டாம். மயூரன் எண்டு வைப்பம்.’

லீலாவதி ரீச்சர் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தபோது மருமகனுக்கு விளங்கப்படுத்தினா. ‘தம்பி, நீங்கள் எங்கடை ஊர் மேசனை நினைக்கிறீங்கள். வெள்ளைக்காரனுக்கு உது தொழில் இல்லை, பேர். இவனை ஆரும் கூலிக்கு வாறவன் எண்டு நினைக்கப்போயினமே?’ சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தா. ஓவர்சியரின் பெண்சாதிக்கு இந்தப் பகிடி விளங்கும் என்ற நம்பிக்கை. நானும் சிரித்தேன். பல்லுக் கட்டியது அன்றைக்குத்தான் உதவியது, வாய் தானாகவே சிரித்த மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு சுகந்தி கேட்டது ஒன்றே ஒன்று, ஒரு காரணம் சொல்லுங்கோ, விட்டுவிடுகிறேன் என்று. அவனிடம் காரணம் இருந்தது. ஆனால் அதைச் சொன்னால் ஓவர்சியர் செத்துப்போவார். கடைசியில், உங்கடை விருப்பப்படி வையுங்கோ என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டான். பத்திரம் மட்டும் கையெழுத்தில்லாமல் அங்கேயே கிடந்தது.

4

உடுப்புத் தோய்க்கும் மெஷின் எங்கள் வீட்டில் நிலக்கீழ் அறையில். பிள்ளையின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன். யோகன் இறங்கிவந்தான். முப்பத்தொன்றுக்கு, அதுதான் தீட்டுக் கழித்துப் பிள்ளைக்குப் பெயர் வைக்கும் முப்பத்தோராம் நாளுக்கு, யார் யாரைக் கூப்பிடுவது என்று சொல்ல வந்திருந்தான். சுகந்தி வீட்டார், அவனோடு வேலை செய்கிறவர்கள், ஐயர். அவ்வளவுதான்.

‘ஊர் ஆக்கள் ஒருத்தரும் வேண்டாம் அம்மா’ என்றான்.

‘ஓவர்சியர் வீட்டு முப்பத்தொண்டு, ஊரைக் கூப்பிடாமல் செய்யலாமோ?’ என்றேன்.

‘பகிடி விடாதேங்கோ.’

‘பகிடி விட்டது நான் இல்லை மோனை. சுகந்தியின்ரை தாயும் சாத்திரியும் சேர்ந்து விட்டிருக்கினம். மேசன், அதுக்குப் பின்னாலை வல்லிபுரம். ஊர் காலமெல்லாம் கூப்பிட்ட பேர். ஒரு எழுத்துப் பிசகேல்லை.’

அவன் படியில் இருந்துவிட்டான். ‘அதுதான் அம்மா. இவனைப் பள்ளிக்கூடத்திலை பேர் கூப்பிடேக்கை, டொக்டரிட்டைக் கூப்பிடேக்கை, எனக்கு அந்தச் சத்தம்தான் கேக்கும். இஞ்சை வந்து இவ்வளவு காலத்துக்குப் பிறகும் கேக்கும்.’

‘உனக்கு வெக்கமோ?’

‘முந்தி வெக்கம்’ என்றான். மெஷின் சுற்றிக்கொண்டிருந்தது. ‘இப்ப வெக்கப்பட்டதுதான் வெக்கம். அதைச் சுகந்திக்கு எங்கை இருந்து தொடங்கிச் சொல்லுறது?’

படித்த பிள்ளை, கணக்குப் பார்க்கிற பிள்ளை, ஒரு கொம்பனியின் வரவு செலவெல்லாம் இவன் சொல்லித்தான் முதலாளிக்குத் தெரியுமாம். இவனுக்கு நான் என்ன சொல்லிக் கொடுக்க? துணியை மடித்து அவன் கையில் கொடுத்து மேலே கொண்டுபோகச் சொன்னேன்.

ஆனால் அந்தக் கிழமை இங்கிலிஷ் வகுப்பில் கந்தையா அண்ணை, பேரனுக்கு முப்பத்தொன்று எப்ப தங்கச்சி என்று கேட்டார். கேட்கிற மனுசனுக்கு நாளைச் சொல்லாமல் விடலாமா? பாயாசம் இருக்கும் என்றும் சொன்னேன். நான் கூப்பிட்டது சாப்பாட்டுக்குத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

5

முப்பத்தொன்று அன்று ஐயர் வந்து புண்ணியதானம் செய்து துடக்குக் கழித்தார். வீடு முழுவதும் ஆட்கள், வாசலில் மலைபோல் சப்பாத்து. அபி முதல்நாள் முழுக்க இருந்து ஒரு பெரிய மட்டையில் தம்பியின் முழுப்பெயரையும் இங்கிலிஷில் கலர் கலராக எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தாள், இரண்டு பக்கமும் பலூன்.

கந்தையா அண்ணை கொஞ்சம் பிந்தித்தான் வந்தார். பஸ் மாறி வந்த களைப்பு. யோகன் அவரைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான். நான் பாயாசத்தைக் கிண்டினேன்.

அபி அவருடைய கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் மட்டையைக் காட்டினாள். அவர் கண்ணாடியைப் போட்டு எழுத்துக்கூட்டி வாசித்தார். வாசித்ததும் அவருடைய முகம் மலர்ந்துவிட்டது.

‘மேசன் வல்லிபுரம்’ என்றார் சத்தமாக. ‘அட, தாத்தாவின்ரை பேரையே வைச்சிருக்கிறியள். நல்ல வேலை செய்தாய் தம்பி. என்ரை வீட்டையும் உன்ரை கொப்பர்தானே கட்டினவர்.’

அந்த மனுசன் மனதில் ஒரு கள்ளமும் இல்லை. பேரனுக்குத் தாத்தாவின் பெயர் வைப்பது எங்களுடைய வழக்கம், அதை மகன் ஒழுங்காகச் செய்திருக்கிறான் என்று மெய்யாகவே சந்தோசப்பட்டார்.

லீலாவதி ரீச்சர் வெற்றிலைத் தட்டோடு வந்தவ நின்றுவிட்டா. ‘ஆர் மேசன்?’ என்றா.

நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சமாளித்திருக்கலாம். ஓவர்சியர் கட்டடங்களுக்குப் பொறுப்பு, அதைத்தான் அண்ணை சொல்கிறார் என்று சொல்லியிருந்தால் போதும். வாய்க்குள் வந்தும்விட்டது. யோகனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை.

‘என்ரை அப்பா, மாமி’ என்றான். ‘அவர் ஓவர்சியர் இல்லை. மேசன். ஊரிலை அவரை அப்பிடித்தான் கூப்பிடுறது.’

சுகந்தி பிள்ளையோடு செற்றியில் இருந்தாள். ‘என்னட்டைக்கூடச் சொல்லேல்லை’ என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அவனுடைய தகப்பன் மேசன் என்பதால் அவளுக்கு முகம் வாடியதாக எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருசம் ஒரே கட்டிலில் படுத்தவனிடம் தனக்குத் திறக்காத அறை ஒன்று இருந்திருக்கிறதே என்றுதான்.

லீலாவதி ரீச்சர்தான் முதலில் தெளிந்தா. படிப்பித்தவ அல்லவா, வகுப்பு குழம்பினால் உடனே அடுத்த பாடத்துக்குப் போகத் தெரியும். ‘அப்ப பேரை மாத்துவம் தம்பி. பத்திரம் இன்னும் அனுப்பேல்லைத்தானே. மயூரன் எண்டு நீங்களே விரும்பினீங்கள். வடிவான பேர். ஐயரும் நிக்கிறார், இப்பவே காதிலை ஓதிவிடலாம்’ என்றா. ஒரு கிழமைக்கு முன் பாஷனாக இருந்த பெயர், இப்போது சுவரில் இருந்து இறக்க வேண்டிய பெயராகிவிட்டது. சுகந்தியின் தமையன் மட்டைக்குக் கிட்டப் போய் நின்றான். அபி அவனுடைய கையைத் தட்டிவிட்டாள். ‘டோன்ட் ரச் இட்’ என்றாள். அவளுக்கு என்ன நடக்கிறது என்று விளங்கவில்லை, தம்பியின் பெயரை யாரோ எடுக்கப் பார்க்கிறார்கள் என்பது மட்டும் விளங்கியது.

யோகன் கேட்டது இதைத்தானே? இவ்வளவு நாள் கரைச்சல்பட்டது இந்தப் பெயர் வேண்டாம் என்றுதானே? இப்போது மாமியார் தட்டில் வைத்துக் கொடுக்கிறா. ஓம் என்றால் போதும். ஊர்ச் சத்தம் இனிக் கேட்காது.

அவன் சுகந்திக்குப் பக்கத்தில் போய் முழங்காலில் இருந்தான். ‘நீ சொல்லு’ என்றான் அவளிடம்.

அவள் கண்ணைத் துடைத்தாள். ‘உங்கடை அப்பாவின்ரை பேர்’ என்றாள். ‘நீங்கள்தான் சொல்ல வேணும்.’ பிள்ளையை அவன் கையில் கொடுத்தாள்.

லீலாவதி ரீச்சர் அன்று பாயாசம் குடிக்காமல் போனவ. இப்போது வருகிறா, பேரனைத் தூக்குகிறா. என்னோடு மட்டும் முந்தி மாதிரிக் கதை இல்லை, அக்கா என்றவ இப்போது ‘நீங்கள்’ என்பதோடு நிற்பாட்டிக்கொள்கிறா. சுகந்தியும் யோகனோடு நேராகக் கதைக்கக் கொஞ்சக் காலம் எடுத்தது. இதெல்லாம் ஒரு நாளில் சரிவருகிற காரியம் இல்லை. அது போகட்டும், அன்றைக்கே திரும்பி வருகிறேன்.

பிள்ளையின் காதில் பெயரை மூன்றுதரம் சொல்ல வேண்டும். யோகன் பிள்ளையைத் தூக்கி வலது காதைத் தன் வாயோடு சேர்த்துப் பிடித்தான். பிள்ளை நித்திரை. முதல் தரம் சத்தம் வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது. ஐயர் பொறுத்துக்கொண்டு நின்றார். பிறகு சொன்னான். நான் கிட்டத்தில் நின்றபடியால் எனக்குக் கேட்டது.

அந்தச் சொல்லை நான் எத்தனையோ குரலில் கேட்டிருக்கிறேன். படலைக்கு வெளியே நிற்பாட்டி வைத்துக் கூப்பிட்ட குரலில், மதிலுக்கு மேலால் எட்டிக் கூப்பிட்ட குரலில், சைக்கிளுக்குப் பின்னால் ஓடிவந்த பெடியளின் குரலில். வாயைக் காதோடு வைத்து, பிள்ளை முழித்துவிடக் கூடாதே என்று பயந்து பயந்து ஒருவன் அதைச் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்.